நாய்க்கும் நெறி கட்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்திலிருந்து பேச அழைத்தபோது, "டயபடீஸ் பற்றியோ பிரஷர் பற்றியோ பேசலாமே" என்றார்கள். நாங்கள் மனித வைத்தியர்கள் அல்ல, மிருக வைத்தியர்கள் என்பதை மெதுவாக ஞாபகப்படுத்தினோம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அப்படியென்றால் அதைப் பற்றியே பேசுங்கள்" என்றார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் நன்றி. "நாங்கள்" என்று சொல்வது பணிவுக்காக அல்ல. மடவளைக்கும் வத்தேகமவுக்கும் இடையில் உள்ள எமது சிறிய சிகிச்சை நிலையத்தில் இரண்டு வைத்தியர்களும் ஓர் உதவியாளரும் இருக்கிறோம். இங்கே சொல்லப்போகும் நல்லதும் பிழையும் மூன்று பேருக்கும் பொது.

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தோம் என்று தங்கைமார் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறோம். ஆசையால் வந்தோம் என்று சொன்னால் பொய். உயர்தர வகுப்பில் உயிரியல் பிரிவில் இருந்த எல்லாரையும் போல மருத்துவ பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறியது. விண்ணப்பப் படிவத்தில் அடுத்தடுத்த வரிகளில் எழுதியிருந்தவற்றில் ஒன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடம். இந்த நாட்டில் மிருக வைத்தியர்களை உருவாக்கும் ஒரே பீடம் அதுதான். வீட்டிலிருந்து இரண்டு பஸ்ஸில் போய்விடலாம் என்பதால் வாப்பா சம்மதித்தார். உம்மாவுக்குத்தான் கஷ்டம். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "மகள் மாடு, ஆடு பார்க்கும் டொக்டர்" என்பார். அது பொய்யில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது ஊரில் பாதிப்பேர் எங்களைத்தான் தேடுவார்கள். நாய் என்ற சொல் மட்டும் உம்மாவின் வாயில் கடைசிவரை வரவில்லை.

அந்தச் சொல்லைத்தான் இன்று நாங்கள் பேசப்போகிறோம். நாயைத் தொடுவது பற்றி எங்களிடம் கேட்கப்படாத கேள்வி இல்லை. மார்க்கச் சட்டத்தை விளக்குவது எமது வேலை அல்ல, அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். நாங்கள் செய்வதை மட்டும் சொல்கிறோம். கையுறை அணிகிறோம். வேலை உடுப்பும் செருப்பும் சிகிச்சை நிலையத்திலேயே இருக்கும். ஏழு தடவை கழுவ வேண்டிய இடத்தில் கழுவுகிறோம், அதில் ஒரு தடவைக்கு மண் வைத்திருக்கிறோம். தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருடைய சம்பவத்தை நாங்கள் எல்லாரும் இதே பாடசாலையில் மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். அதற்கு மேல் இதைப் பற்றிப் பேசத் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். எங்களுக்குச் சிங்களம் இரண்டாம் மொழி கற்பித்த டீச்சரை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகிவிட்டன. மிளகுக்கொடி படர்ந்த ஒரு தோட்டத்தில், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, பிரவுனி என்ற நாயுடன் தனியே இருந்தார். ஊர் நாய்தான். 18 கிலோ நிறை, எட்டு வயது. 2022 ஜனவரியில் டீச்சர் அதை எங்களிடம் கூட்டி வந்தார். இந்தக் கதையைச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டோம். "துவே, என் பெயரைச் சொல்லாதே, அவன் பெயரைச் சொல்லு" என்றார்.

"சாப்பாடு குறைந்துவிட்டது, தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஏதோ உருண்டை போல இருக்கிறது" என்பதுதான் முறைப்பாடு. தொட்டுப் பார்த்தோம். தாடைக்குக் கீழே மட்டுமல்ல, தோளுக்கு முன்னாலும் பின்னங்கால் முழங்காலுக்குப் பின்னாலும் கூட வீக்கம் இருந்தது. ஊரில் நாங்கள் இதை நெறி கட்டியிருக்கிறது என்போம். பிள்ளைக்குக் காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா, அதே நிணநீர்க் கணுக்கள்தான். உடம்பில் கிருமி புகுந்தால் அதைப் பிடித்து நிறுத்தும் காவல் நிலையங்கள். அவை வீங்கியிருந்தால் ஒன்று, சண்டை நடக்கிறது. அல்லது காவலுக்கு நிற்கிற கலங்களே புற்றாகிவிட்டன. இரண்டாவதுதான் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்.

எங்கள் நாட்டில் முதலாவதுக்குக் காரணங்கள் ஏராளம். உண்ணி கடிப்பதால் வரும் நோய்கள் இங்கே நாய்களுக்குச் சாதாரணம். பபீசியா ஒன்று, எர்லிக்கியா ஒன்று. பபீசியா கிப்சோனி என்ற சிவப்பணு ஒட்டுண்ணியை முதன்முதலில் 1910 இல் பற்றன் என்ற ஆராய்ச்சியாளர் விவரித்ததே பக்கத்தில், மதராசில் வேட்டைக்கு வைத்திருந்த நாய்களின் இரத்தத்தில்தான். காய்ச்சல், சோர்வு, இரத்தசோகை, நெறிக்கட்டு எல்லாம் அதிலும் வரும். லிம்போமாவிலும் வரலாம். ஐரோப்பாவில் எழுதிய புத்தகத்தைத் திறந்தால், எல்லா இடத்திலும் நெறி கட்டிய நடுவயது நாய் என்றவுடன் லிம்போமாவை மேலே போட்டிருப்பார்கள். எங்கள் மேசைக்கு வருகிற நாயின் காதுக்குள் பார்த்தால் பத்து உண்ணி இருக்கும். முதலில் உண்ணிக் காய்ச்சல் என்றுதான் மனம் போகும்.

பிரவுனியின் காதுக்குள்ளும் உண்ணி இருந்தது. இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பூசிச் சாயமிட்டுப் பார்த்தோம், பபீசியாவும் இருந்தது. இரத்தத்தட்டுகள் குறைவு. காரணம் கிடைத்துவிட்டது என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினோம். உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்து கொடுத்தோம். இரத்தத்தட்டுகள் ஏறவேண்டும் என்று பிரெட்னிசலோன் மாத்திரையும் சேர்த்தோம். ஒரு வாரத்தில் நெறிகள் பாதியாகச் சுருங்கின, பிரவுனி வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். டீச்சர் எங்களுக்கு ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார். அதைச் சாப்பிட்டோம் என்பதை இப்போதும் வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறோம்.

பிழை எங்கே என்று உங்களில் மருத்துவம் படித்தவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீரொய்ட். அது லிம்போமாக் கலங்களையும் கொல்லும், ஆனால் அரைகுறையாக. நெறி சுருங்கும். மிஞ்சிய கலங்கள் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு உண்மையான புற்று மருந்தைக் கொடுக்கும்போதும் பலன் குறைந்துவிடும். அது மட்டுமல்ல, இடையில் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தால் நோய் தன் முகத்தைச் சரியாகக் காட்டாது. ஒரு நாய்க்கு இரண்டு நோய் இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலும் இருக்கலாம், அதற்கடியில் லிம்போமாவும் இருக்கலாம். ஒன்றைக் கண்டவுடன் மற்றதைத் தேடுவதை நிறுத்திவிட்டோம். முதல் நாளே முழங்காலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஊசியை வைத்திருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை. செலவு என்று சொல்லவும் ஒன்றுமில்லை.

அந்த ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சாதாரண தடுப்பூசி போடுகிற அதே அளவு ஊசிதான், மயக்க மருந்து தேவையில்லை. வீங்கிய கணுவை இரண்டு விரலால் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று தடவை திசை மாற்றி அசைத்து, வெளியே எடுத்து, உள்ளே இருப்பதைக் கண்ணாடித் தட்டில் ஊதிவிட்டுப் பரப்ப வேண்டும். பலமாக அழுத்தித் தேய்த்தால் கலங்கள் உடைந்துவிடும், ஒன்றும் தெரியாது. மாணவர்களாக இருந்தபோது நாங்கள் உடைத்த தட்டுகளுக்குக் கணக்கில்லை. தாடைக்குக் கீழ் உள்ள கணுவை எடுப்பதைத் தவிர்ப்போம். பல்லில் ஊத்தை, ஈறில் புண் இல்லாத நாய் இங்கே அரிது, அதனால் அந்தக் கணு எப்போதும் கொஞ்சம் குழம்பித்தான் இருக்கும். முழங்காலுக்குப் பின்னால் உள்ளது சுத்தமாகப் பேசும்.

சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், சண்டையால் வீங்கிய கணுவில் பல வகைக் கலங்கள் இருக்கும். பெரும்பாலானவை சிறிய நிணக்கலங்கள், நடுவில் சில பெரியவை, சில பிளாஸ்மாக் கலங்கள். சந்தை நாளில் மடவளை பஸார் மாதிரி, எல்லா வகை மனிதரும். லிம்போமாவில் அப்படியில்லை. தட்டு முழுக்க ஒரே மாதிரிப் பெரிய கலங்கள். ஒவ்வொன்றும் இரண்டு சிவப்பணுக்களை விடப் பெரிது. கருவுக்குள் புள்ளிகள், ஆங்காங்கே பிரிந்துகொண்டிருக்கிற கலங்கள். பாதிக்கு மேல் அப்படி இருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

பெப்ரவரி கடைசியில் பிரவுனி திரும்பி வந்தபோது நெறிகள் முன்பைவிடப் பெரிதாக இருந்தன. முழங்காலுக்குப் பின்னால் ஒரு சிறிய எலுமிச்சம்பழம். ஊசி வைத்தோம். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி நுணுக்குக்காட்டியில் பார்த்தோம், பேசவில்லை. பிறகு டீச்சரை உள்ளே கூப்பிட்டு, முதலில் எங்கள் பிழையைச் சொன்னோம், அதற்குப் பிறகுதான் நோயின் பெயரைச் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, "பரீட்சையில் பிழை விட்டால் நான் சிவப்புப் பேனையால் கோடு போட்டேனே தவிர, பிள்ளையை வகுப்பை விட்டுத் துரத்தவில்லை. இப்போது என்ன செய்வது, அதைச் சொல்லு" என்றார்.

என்ன செய்யலாம் என்பதில் டீச்சருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம். நாய்களில் வரும் லிம்போமா பெரும்பாலும் இப்படி உடம்பெல்லாம் நெறி கட்டுகிற வகை. அதில் பி-கல வகை, டி-கல வகை என்று இரண்டு. பி வகை கூடுதலாகக் காணப்படுவது, சிகிச்சைக்கு நன்றாக இணங்குவதும் அதுதான். எது என்று உறுதியாகச் சொல்ல விசேட சாயப் பரிசோதனை வேண்டும், அது எல்லா இடத்திலும் கைக்கெட்டுவதில்லை. இரத்தத்தில் கல்சியம் ஏறியிருந்தால் டி வகை என்று சந்தேகிப்போம். பிரவுனிக்குக் கல்சியம் ஏறியிருக்கவில்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். ஒன்றும் செய்யாமல் விட்டால் நான்கிலிருந்து ஆறு வாரம். பிரெட்னிசலோன் மட்டும் கொடுத்தால் ஒரு மாதம், இரண்டு மாதம். நான்கு மருந்துகள் சேர்ந்த சொப் முறையை முழுதாகக் கொடுத்தால், பத்து நாயில் எட்டு, ஒன்பதுக்கு நோய் கண்ணுக்குத் தெரியாமல் மறையும். பி வகையில் ஏறத்தாழ ஒரு வருடம் கிடைக்கும், சிலவற்றுக்கு அதற்கு மேலும் கிடைக்கும். மறைவது என்பது குணமாவது அல்ல. ஏறக்குறைய எல்லா நாய்களிலும் அது திரும்ப வரும். இந்தக் கடைசி வசனத்தை நாங்கள் மூன்று தடவை சொல்வோம். முதல் தடவை யாரும் கேட்பதில்லை.

"நாய்க்குக் கீமோவா, மயிர் எல்லாம் கொட்டிவிடாதா, வாந்தி எடுத்துச் சாகாதா" என்று கேட்பார்கள். மனிதருக்குக் கொடுப்பதுபோல நோயை அடியோடு பிடுங்கும் அளவில் நாய்க்குக் கொடுப்பதில்லை. நாய்க்கு எதிர்காலத்தைப் பற்றிய திட்டம் இல்லை, அதற்கு இன்றைக்குச் சாப்பிட முடிகிறதா என்பதுதான் முக்கியம். அதனால் அளவைக் குறைத்து, இருக்கிற நாட்கள் நல்ல நாட்களாக இருக்கும்படி கொடுக்கிறோம். பெரும்பாலான நாய்களுக்கு மயிர் கொட்டாது, பூடில் போன்ற தொடர்ந்து மயிர் வளரும் இனங்களைத் தவிர. மீசை மட்டும் உதிரலாம். பிரவுனியின் மீசை உதிர்ந்ததைப் பார்த்து டீச்சர் சிரித்தார்.

டொக்சோரூபிசின் என்ற மருந்து இந்த முறையில் வலிமையானது. இதயத்தைப் பாதிக்கக்கூடியது, விலையும் கூட. டீச்சர் தன் ஓய்வூதியத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அது வேண்டாம் என்றார். மிச்சம் மூன்று மருந்துகளோடு தொடங்கினோம். வின்கிறிஸ்டின் ஊசி, சைக்ளோபொஸ்பமைட், பிரெட்னிசலோன். காலம் குறையும் என்று தெரிந்துகொண்டுதான்.

வின்கிறிஸ்டின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? எங்கள் வேலியோரம் நிற்கிற பட்டிப்பூச் செடியிலிருந்து. நித்தியகல்யாணி என்பதும் அதைத்தான். சிங்களத்தில் மினீ மல். மையவாடிப் பக்கம் பூப்பதால் பிரேதப் பூ என்று பெயர். அதன் இலையை நீரிழிவுக்குக் குடிக்கும் வழக்கம் உலகத்தில் பல இடங்களில் இருந்தது. 1950களில் கனடாவில் நோபிள், பியர் என்ற இருவர் அதன் சாற்றை நீரிழிவுக்கென்று சோதித்தார்கள். சீனி குறையவில்லை, ஆனால் எலிகளின் வெள்ளை அணுக்கள் சடாரென்று இறங்கின. அப்படித்தான் முதலில் வின்பிளாஸ்டின் கிடைத்தது, அதற்குப் பின்னால் வின்கிறிஸ்டின். 1963 இல் அமெரிக்காவில் மனிதருக்கு அனுமதி பெற்றது. அதே மருந்துதான் இன்றும் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குப் போகிறது. இலையை அரைத்து யாரும் குடித்துவிட வேண்டாம், அது நஞ்சு. வேலியோரம் நிற்பதாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 மார்ச்சில் நாங்கள் சிகிச்சையைத் தொடங்கினோம். அந்த மார்ச் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. வின்கிறிஸ்டினைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 இலிருந்து 8 பாகைக்குள் வைக்கவேண்டும். தடுப்பூசிகளும் அதே பெட்டியில். மின் இருக்கிற நேரத்தில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்து, மின் போனதும் பெட்டிக்குள் அடுக்கி, கதவைத் திறக்காமல் காவல் காத்தோம். எங்கள் உதவியாளர் கதவில் ஒரு தாளை ஒட்டி வைத்தார்: "திறக்கிறவர் பெற்றோல் கியூவில் நிற்க வேண்டும்."

பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து இல்லை, சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்படுகின்றன என்று செய்தி வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கண்டியில் ஒரு மருந்தகத்தில் இரண்டு குப்பி வின்கிறிஸ்டின் இருப்பதாக அறிந்து போனோம். அங்கே பொறுப்பாக இருந்தவர் யாருக்கு என்று கேட்டார். நாய்க்கு என்றோம். அவர் கோபப்படவில்லை. "ஒன்றைக் கொண்டு போங்கள். மற்றது இருக்கட்டும், யாராவது பிள்ளைக்குத் தேடி வரலாம்" என்றார். நாங்கள் வாதாடவில்லை. ஒரு குப்பியோடு திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் எங்களுக்குள்ளே கேட்டுக்கொண்டோம், அந்த ஒன்றையும் எடுத்தது சரியா என்று. அன்று எங்களுக்குள் ஒரு தீர்மானம் எடுத்தோம்: கண்டியில் எந்த ஆஸ்பத்திரியிலாவது இந்த மருந்து பிள்ளைகளுக்கு இல்லை என்று கேள்விப்பட்டால், நாய்களுக்குப் போடுவதை நிறுத்துவது, இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுப்பது. டீச்சரிடம் சொன்னோம். "அதை நீங்கள் தீர்மானிக்கத் தேவையே இல்லை, நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்" என்றார். அந்த நிலை வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கு வீரம் பேச மாட்டோம்.

ஒரு குப்பியில் 1 மில்லிகிராம் இருக்கிறது. மருந்தின் அளவை நாயின் உடம்பு மேற்பரப்பைக் கொண்டு கணிப்பதால், பிரவுனிக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் போதும். மிச்சத்தை வீணாக்க மனமில்லை. அதற்கு ஒரு வழி செய்தோம். எங்கள் தெருநாய்களில் பரவுகிற வேறொரு புற்றுநோய் உண்டு. இனச்சேர்க்கையின்போது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு, கிருமி மூலம் அல்ல, புற்றுக் கலங்களாலேயே தொற்றுவது. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒரே ஒரு நாயில் தோன்றிய புற்று இன்றும் உலகம் முழுக்க நாய்க்கு நாய் தாவிக்கொண்டிருக்கிறது. கேட்கப் பயங்கரமாக இருந்தாலும், வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசியாக ஐந்தாறு வாரம் போட்டால் பெரும்பாலும் முற்றாகவே குணமாகும். பொல்கொல்லப் பக்கம் கடைக்காரர் ஒருவர் சோறு போட்டு வளர்த்த தெருநாய் ஒன்றுக்கு அது இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் வரச் செய்தோம். ஒரு குப்பி, இரண்டு நாய். தெருநாய் ஆறாவது வாரத்தில் குணமாகிப் போனது, இன்றும் கடை வாசலில் கிடக்கிறது.

வின்கிறிஸ்டின் நரம்புக்குள் மட்டும்தான் போகவேண்டும். ஒரு துளி வெளியே கசிந்தாலும் அந்த இடத்துத் தசை அழுகிவிடும். பிரவுனி அசையாமல் இருக்க டீச்சர் அவன் காதுக்குள் சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார். வாய்ப்பாடு சொல்வது போலக் கேட்கும். இன்னொன்று, மருந்து போட்ட பிறகு இரண்டு மூன்று நாளைக்கு நாயின் மூத்திரத்திலும் மலத்திலும் மருந்து இருக்கும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் கிட்டவே போகக்கூடாது. எங்கள் உதவியாளர் அந்த வருடம் கர்ப்பமானபோது மருந்து கலக்கும் அறையை அவருக்குப் பூட்டிவிட்டோம். சிகிச்சை நிலையம் நடத்துகிற தங்கைமார் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கவனிப்பதில்லை.

இரண்டாவது வாரத்தில் நெறிகள் கைக்குத் தட்டுப்படவில்லை. ஏப்ரல், மே, ஜூன் எல்லாம் பிரவுனி நன்றாகத்தான் இருந்தான். ஒரு தடவை மட்டும் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கிக் காய்ச்சல் வந்தது. மருந்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, அன்டிபயோடிக் கொடுத்துச் சமாளித்தோம். பெற்றோல் இல்லாத நாட்களில் டீச்சர் பிரவுனியைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்தார். நோயாளி நாய் முன்னால் இழுத்துக்கொண்டு வர, டீச்சர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். ஜூலையில் கியூஆர் முறை வந்த பிறகு அடுத்த வீட்டுப் பையன் ஓட்டோவில் கொண்டுவந்து விட்டான்.

ஓகஸ்டில் திரும்ப வந்தது. முதலில் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல, டீச்சர். வாரத்துக்கு இரண்டு தடவை ஐந்து இடத்தையும் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தோம். அவர் ஒரு சீஆர் கொப்பியில் திகதி போட்டு, தையல் நாடாவால் கழுத்தை அளந்து எழுதி வந்தார். டொக்சோரூபிசினை இப்போதாவது முயலலாம், சில வாரங்கள், சில நேரம் சில மாதங்கள் கிடைக்கலாம் என்றோம். மேலைநாடுகளில் இதற்கென்றே நாய்களுக்கு அனுமதிக்கப்பட்ட புதிய மருந்தும் இருக்கிறது, 2021 இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது, இங்கே அது எமக்கு எட்டாது என்பதையும் மறைக்கவில்லை. டீச்சர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "போதும், துவே" என்றார்.

அடுத்த கேள்வி எங்களுக்கு ஒவ்வொரு முறையும் கடினமானது. மூச்சுவிடக் கஷ்டப்படும் கட்டம் வந்தால் ஊசி போட்டு உறங்க வைக்கலாமா? எங்கள் தொழிலில் அதை இரக்கம் என்று கற்பிக்கிறார்கள். டீச்சர் பௌத்தர். உயிரைத் தான் எடுக்கச் சொல்வதில்லை என்றார். இங்கே பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அது அறியாமை அல்ல என்பதை விளங்கிக்கொள்ள எங்களுக்குச் சில வருடங்கள் எடுத்தன. அவர் மறுத்ததால் எங்கள் வேலை முடியவில்லை, கூடியது. நோவுக்கு மருந்து, குமட்டலுக்கு மருந்து, பிரெட்னிசலோன், சாப்பிட முடியாத நாட்களில் தோலுக்கடியில் சேலைன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சிகிச்சை நிலையத்தைப் பூட்டிவிட்டு மாலையில் அவர் வீட்டுக்குப் போனோம். பிரவுனி ஒக்டோபரில் ஒரு விடியற்காலையில் வீட்டிலேயே இறந்தான். கடைசி இரண்டு நாள் கஷ்டப்பட்டான். ஊசி போட்டிருந்தால் அந்த இரண்டு நாள் இருந்திருக்காது. நாங்கள் அதைச் சொல்லவில்லை, டீச்சருக்கும் தெரியும்.

உங்களில் பெரும்பாலானோர் வீட்டில் நாய் இல்லை, பூனை இருக்கிறது. அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறோம். பூனைக்கும் லிம்போமா வரும். பூனையில் அது பெரும்பாலும் குடலில் வருவதால் வெளியே நெறி தெரியாது. வயதான பூனை சாப்பிட்டும் மெலிகிறது, அடிக்கடி வாந்தி எடுக்கிறது என்றால் மயிர்க்கட்டி என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். பூனையிலிருந்து பூனைக்குப் பரவும் ஒரு வைரஸும் இதற்கு வழி செய்யலாம். மனிதருக்கு இவை எதுவும் தொற்றாது, நாயிலிருந்தும் தொற்றாது. நெறி கட்டிய எந்த மிருகத்துக்கும் ஊசி வைத்துப் பார்க்காமல் பிரெட்னிசலோன் கேட்காதீர்கள், நாங்கள் தந்தாலும் ஏன் என்று கேளுங்கள். அந்த ஜனவரிக்குப் பிறகு எங்கள் மேசையில் கண்ணாடித் தட்டுகள் மாத்திரைப் பெட்டிக்கு முன்னால்தான் இருக்கின்றன.

டீச்சர் அந்தச் சீஆர் கொப்பியை எங்களிடம் தந்துவிட்டார். லிம்போமா நாயோடு யாராவது வந்தால் அதைக் காட்டி, இப்படி எழுதி வாருங்கள் என்கிறோம். பக்கத்துக்குப் பக்கம் திகதி, கழுத்தளவு, சாப்பிட்ட அளவு எல்லாம் அவருடைய பழைய கரும்பலகை எழுத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அளவு ஒன்றும் இல்லை. இன்று கொஞ்சம் பால் குடித்தான் என்று மட்டும் சிங்களத்தில் எழுதியிருக்கிறது.